அடிக்கதவு

வானம் வெளுக்கும் முன்பே இவன் கரித்தொட்டிக்குள் இறங்கிவிட்டான். மலிவாகக் கிடைக்கிறதென்று முதலாளி வாங்கிப் போட்ட ஈரக்கரி, தொட்டியின் இரும்புச் சுவரில் களிமண்ணாய் அப்பிக்கொண்டு விழ மறுத்தது. கடப்பாரையால் குத்திவிட்டு அடிக்கதவைத் திறந்தால்தான் கீழே ஓடும் பெல்ட்டில் கொட்டும். கொட்டினால்தான் இரும்பு உருக்கும் உலை எரியும்.

முன்பெல்லாம் மேலே மச்சான் நின்று இவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பான். "பாத்துக் குத்துங்க மாப்ளே, என் தங்கச்சிக்கு நாந்தான் பதில் சொல்லணும்!" என்று கத்துவான். போன வாரம் கயிறு பிடிக்கிறவர்களையெல்லாம் முதலாளி ரயில் வேகனில் கரி இறக்க அனுப்பிவிட்டார். கயிற்றைக் கம்பியில் கட்டிக்கொண்டால் போதுமாம்.

கம்பிக்குக் கண் ஏது? தலைக்கு மேலே கரி விரிசல் விட்டதை அது பார்க்கவில்லை. மொத்தமாகச் சரிந்தது. இவன் மார்புவரை புதைந்தான். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் கரி இன்னும் கொஞ்சம் இறுக்கியது. போட்ட அலறலில் வேகன் பக்கமிருந்து ஆட்கள் மேலே ஓடிவந்தார்கள்.

காலுக்குக் கீழேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"பெல்ட் ஏன் காலியா ஓடுது? கதவத் திற!"

"திறந்தா ஆளையும் சேத்து இழுத்துரும் மொதலாளி!" மேலிருந்து மச்சான் கத்தினான்.

"உலை அணைஞ்சா உள்ள இருக்கிற இரும்பு கட்டியாயிரும். அப்புறம் உங்க வீட்டு அடுப்பும் எரியாது. திறடா!"

அடிக்கதவைத் திறக்கும் சக்கரத்தில் நின்றவன் ஆமாஞ்சாமி. ரெட்டை ஷிப்டா? சரிங்க மொதலாளி. கூலியில் பிடித்தமா? சரிங்க மொதலாளி. அந்தப் பேரை வைத்து எல்லாரையும் சிரிக்க வைத்ததே கரிக்குள் கிடக்கும் இவன்தான். இவன் கண்ணை மூடிக்கொண்டான். சக்கரம் கிறீச்சிடும் என்று காத்திருந்தான்.

"மாட்டேன் மொதலாளி."

"என்னடா சொன்ன?"

"மாட்டேன்னேன். இதுல கை வைக்கணும்னா மொதல்ல என் கைய வெட்டுங்க."

செருப்புச் சத்தங்கள் வந்து சக்கரத்தைச் சூழ்ந்தன. பெல்ட் நின்றது.

"அத்தன பேரையும் வேலைய விட்டுத் தூக்கிருவேன்!"

"தூக்கறதுன்னா மொதல்ல உள்ள கெடக்கிறவரத் தூக்குங்க!" என்றாள் கரி அள்ளுகிற ஒருத்தி.

மேலிருந்து கயிறுகள் இறங்கின. ஒவ்வொரு கயிற்றுக்கும் மேலே ஆள் நின்றது. மச்சான் இறங்கி வந்து வெறுங்கையால் தோண்டினான்.

"கயிறு பிடிக்க ஆளில்லாம இனிமே ஒருத்தனும் இறங்கறதில்ல" என்றான்.

"ஒருத்தியும்!" என்றாள் கூடவே இறங்கிய அந்தக் கரி அள்ளுகிறவள், கூடையை நிரப்பிக்கொண்டே.

கரி இன்னும் இடுப்பை விடவில்லை. கீழே முதலாளி ஓயவில்லை. இவன் குனிந்து, சக்கரத்தில் நின்றவனுக்குக் கேட்கும்படி கத்தினான்:

"டேய்! இனி உன்ன எந்தப் பேரு சொல்லிடா கூப்பிடறது?"

"மொதல்ல வெளிய வா. அப்புறம் யோசிக்கலாம்."