சாப்பாட்டு நேரத்துக் கண்ணீர்

ஐந்து வருடங்களுக்கு முன் டோரீனுக்கு முகவாதம் வந்தது. ஒரு நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடப்பக்கம் தொங்கிப்போயிருந்தது. சில மாதங்களில் வாய் நேராகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எதை மென்றாலும் இடது கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிவிட்டது, எச்சில் ஊற வேண்டிய நேரத்தில் கண்ணில் ஊறுகிறது என்றார் டாக்டர். அதிலிருந்து அவர்களுடைய மலையூரான ரிங்லெட்டில் எந்த விருந்திலும் அவள் கை நனைத்ததில்லை. முகத்தைக் காட்டிவிட்டு, தலைவலி என்று கிளம்பிவிடுவாள்.

இந்த வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பழைய லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களெல்லாம் வருகிறார்கள் என்று சிநேகிதி டெபோரா காரோடு வந்து நின்றாள். தட்ட முடியவில்லை. பூசை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, நழுவவும் வழியில்லை. தகரக் கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் அல்போன்ஸ் உட்கார்ந்தார். காலஞ்சென்ற அண்ணன் ராய்ஸ்டனின் இணைபிரியாத கூட்டாளி அவர்.

சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். கண் வழிந்தது.

அல்போன்ஸ் பிசைவதை நிறுத்தினார்.

"அண்ணன் ஞாபகம் வந்துருச்சா, புள்ள? எனக்கும் அதான். மழையில நனைஞ்சுக்கிட்டு ஸ்கூல் விட்டு வருவோம். உங்கம்மா மரவள்ளிக்கிழங்கு அவிச்சு, நெத்திலி சம்பலோட ஒரே தட்டுல வைப்பாங்க. நீ காரம் தாங்காம அழுவ. ஆனா தட்ட விட்டு நகர மாட்ட."

அடுப்படியில் காய்ந்த ஈரச் சட்டைகளின் வாடை டோரீனுக்கு நினைவு வந்தது. ராய்ஸ்டன் கிழங்கின் நாரை உருவிப்போட்டு, வெந்த துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளுவான். அல்போன்ஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, நான் அழலைலா. முகவாதம் வந்ததுலேர்ந்து வாய் மென்னா இந்தக் கண்ணு தானா ஒழுகும். வெறும் ரொட்டி தின்னாலும் இப்படித்தான்."

அவர் அவளையே பார்த்தார். "அப்ப நான்தான் தனியா அழுதுக்கிட்டு இருக்கேனா?"

டோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடது கண் சுருங்கிக்கொள்ளும். கையால் மறைக்க மறந்துபோனாள்.

"அதனாலதான் என் மக கல்யாணத்துல சாப்பிடாம போனியா? சமையல் சரியில்லன்னு என் வீட்டுக்காரி இன்னைக்கும் பொலம்பிக்கிட்டு இருக்கா."

"வெக்கமா இருந்துச்சு அண்ணே."

"நம்மகிட்ட என்ன வெக்கம்?" என்றவர், டெபோராவைக் கூப்பிட்டு இன்னும் கறி போடச் சொன்னார்.

எதிரே இருந்தவர்கள் விசாரித்தபோது டோரீனே விஷயத்தைச் சொன்னாள். யாரோ ஒருத்தி டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். பேச்சு மறுபடி பழைய லயத்துக்குப் போனது. ராய்ஸ்டன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மோட்டார் சைக்கிளை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டி, தேயிலைக்குள் விழுந்த கதையை அல்போன்ஸ் ஆரம்பித்தார். துடைத்துத் துடைத்து, டோரீன் வயிறாரச் சாப்பிட்டாள்.