அலுத்துப்போன டப்பா

கிரேன் ஓட்டும் அக்காவைத் தரை வேலைக்கு இறக்கிவிட்டார்கள். கண்ணில் கோளாறு இல்லை, கையில் நடுக்கம் இல்லை. பெருத்துவிட்ட இடுப்பில் பாதுகாப்புப் பட்டையின் கொக்கி மாட்டவில்லை, அவ்வளவுதான். கொக்கி மாட்டாதவர் ஏணியில் கால் வைக்கக் கூடாது. லாரிகளுக்குக் கொடி காட்டும் வேலை கிடைத்தது. மேலே அவள் இருக்கையில் வேறொருவன். இரும்பு உத்தரத்தை அவன் ஆட்டி ஆட்டி இறக்குவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பசிக்குத் தின்று வந்த உடம்பல்ல அது. கட்டட வேலையாட்கள் மதியம் வட்டமாக உட்காருவார்கள். நீ என் டப்பாவில் ஒரு கரண்டி எடுத்தால், நான் உன் டப்பாவில் ஒரு கரண்டி எடுத்தே ஆக வேண்டும். வயிறு நிறைந்த பிறகும் அடுத்த மூடி திறந்தால் நாக்கு புதிதாகப் பிறக்கும். வேண்டாம் என்றால், “எங்க வீட்டுச் சாப்பாடு தொண்டையில இறங்காதோ?” என்பார்கள்.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். இனி தினமும் அவித்த பயறு, கீரை, முட்டை, ஒரு பழம்.

“கீரைய மட்டும் மாத்தி மாத்தி வைங்க. சத்து குறையாது” என்றாள் மருத்துவமனை நர்ஸ்.

சமையல் பொறுப்பிலிருந்த கணவனுக்குத்தான் ரோஷம். “நான் என்ன மாட்டுக்கா தீனி வைக்கிறேன்?”

“மாடு உன்ன மாதிரி மூஞ்சியத் தூக்காது. வை.”

மதிய வட்டத்தில் முதலில் மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்தார்கள். போகப் போக அவள் டப்பா வட்டத்தைச் சுற்றிவிட்டு அப்படியே திரும்பியது.

“இன்னைக்கும் அதே பயறா? உன் டப்பாவப் பாத்தாலே கொட்டாவி வருதுக்கா” என்றான் வெல்டர்.

“நல்லா வாயத் திற. ஒரு கரண்டி போடுறேன்.”

அவன் அவசரமாக வாயை மூடிக்கொண்டான். அவளிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. அதனால் அவளும் யாரிடமும் எடுக்க வேண்டியதில்லை. யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

அவளுக்கும்தான் அலுத்தது. பசித்தால் அந்தப் பயறு அமிர்தம். பசி அடங்கினால் வெறும் பயறு. கை தானாக நின்றது.

சில மாதம் கழித்து ஒரு மதியம் மேஸ்திரி பட்டையைக் கொண்டுவந்தார். “மூச்ச உள்ள இழுத்து ஏமாத்தக் கூடாது.”

வயிறு புடைக்க மூச்சை நிரப்பிக்கொண்டு நின்றாள். கொக்கி கடக்கென்று மாட்டிக்கொண்டது.

“இன்னும் ஒரு ஓட்டை உள்ள போகும் போலயே!”

“போகட்டுமே, இழுங்க.”

ஏணியில் ஏறினாள். வட்டம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று அவள் மெதுவாகவே ஏறினாள்.