பிரதான அதிதி பூட்டிய குளிரூட்டி

மாத்தளைச் சந்தைக்குப் பின்னால், மிளகாய் அரைக்கும் ஆலையின் மேல்மாடியில் இருக்கிறது 'ரோயல் சினி விஷன்'. படியேறும்போதே இரண்டு தும்மல் வந்துவிடும். மூன்றாவது உள்ளே போனதும் வரும். கலியாண வீடியோ எடுப்பதுதான் அங்கே தொழில். ஆனால் உரிமையாளர் ஜிப்ரியின் விசிட்டிங் கார்டில் 'டிரெக்டர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருக்கும். அவர் இதுவரை டிரெக்ட் பண்ணியது மாப்பிள்ளைமாரை மட்டுமே: "கொஞ்சம் சிரிங்க. பல்லுத் தெரியாம சிரிங்க."

ஜிப்ரிக்கு ஒரு கொள்கை உண்டு. புதிதாக வாங்கியது எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும்; ஆகவே எதன் பொலித்தீனையும் உரிக்கக் கூடாது. அங்கே கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பினால், தோலை உரித்தெடுப்பது போல ஒரு சத்தம் வரும். ஏசி ரிமோட் உறைக்குள் கிடந்து, அமுக்க அமுக்க வழுக்கும். கீபோர்டின் உறைக்கு அடியில் யாரோ எப்போதோ தின்ற மீன் ரோல்ஸின் துகள்களும், அதைத் தேடி உள்ளே போய்த் திரும்பி வர வழி தெரியாமல் செத்த எறும்புகளும் எழுத்துக்களுக்கு இடையே கிடந்தன.

அந்தக் கீபோர்டில்தான் துஷாந்தினி வேலை செய்தாள். எல்கடுவ மலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, ஊரார் கலியாணங்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடுவது அவள் வேலை. அதற்கு நடுவே அவளுக்கென்று ஒரு படம் இருந்தது. ஆறு நிமிடக் கார்ட்டூன். தேயிலை மலையில் பிறந்த அட்டையொன்று, தோட்டத் தொரையின் காலுறைக்குள் ஏறிக்கொண்டு டவுன் பார்க்கப் போகும் கதை. கொழும்பில் கார்ட்டூன் படம் செய்யும் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் படத்தை அனுப்ப வேண்டும். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து வேலை செய்ததற்கு ஈடாக, தன் கொம்பியூட்டரைப் பாவிக்க ஜிப்ரி அனுமதி தந்திருந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கொம்பியூட்டர் மெசின் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடிக் காட்சிகளைக் கோர்த்தால் படம் ரெடி. அது ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை.

அந்த மெசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் கண்ணாடி. முன்னால் மூன்று விசிறி, மேலே மூன்று விசிறி, எல்லாவற்றிலும் ஏழு நிற வெளிச்சம். புரொசசரின் மேல் லிக்விட் கூலர்: சூட்டைத் தண்ணீரில் வாங்கி, குழாய் வழியாக மேலே ரேடியேட்டருக்கு அனுப்பி, விசிறியால் ஆற்றும் ஏற்பாடு. உக்குவளையில் கொம்பியூட்டர் திருத்தும் றுஸ்திதான் உறுப்பு உறுப்பாக மெசினைப் பூட்டினான். ஆனால் கடைசி உறுப்பை அவன் கையால் பூட்ட விடவில்லை. அடிக்கல்லையும் திறப்பு விழா ரிப்பனையும் போல அதற்கும் ஒரு பிரதான அதிதி வேண்டும் என்று ஜிப்ரி முடிவு செய்தார்.

பன்னிரண்டு சங்கங்களின் போசகரான ரவூப் ஹாஜியார் வந்தார். பேண்ட் வாத்தியம் முன்னே போனது. கூலரின் தலைப்பகுதியை ஜிப்ரி தானே பெட்டியிலிருந்து எடுத்து, வெல்வெட் விரித்த தட்டில் வைத்து நீட்டினார். ஹாஜியார் வெற்றிலை அதக்கிய வாயோடு அதை எடுத்து, கமராவுக்கு ஒரு நிமிடம் காட்டி, புரொசசரின் மேல் வைத்து, ஸ்குரூவை அரைச் சுற்றுச் சுற்றினார். கைதட்டல். மிச்சச் சுற்றை ஜிப்ரி சுற்றினார். அந்தக் காட்சி நாலடி அகலப் படமாகச் சுவரில் தொங்குகிறது. பொலித்தீனோடுதான்.

அன்றிலிருந்து மெசின் காய்ச்சல்காரன் போலக் கொதித்தது. யாராவது பார்க்க வந்தால் ஒன்றுமில்லை. வெளிச்சம் மட்டும் எரிந்தால் அதற்குச் சுகம்தான். வேலை கொடுத்தால் விழுந்துவிடும். ஜிப்ரி மேலும் மூன்று விசிறி பூட்டினார். அடங்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ஃபேன் ஒன்றை வைத்தார். பிறகு மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிப் பேசினில் கொட்டிப் பின்னால் வைத்தார். அது கரைந்து மூன்று நாள் பாரை மீன் நாறியது. ஒன்பது விசிறிகளும் செய்தது ஒரே வேலை: கீழே ஆலையில் பறந்த மிளகாய்த் தூளை இழுத்து, வடிகட்டியில் செம்பட்டை மயிர் போல அப்பி, மிச்சத்தைத் துஷாந்தினியின் முகத்தில் ஊதுவது.

"நீங்க மூச்சு விடுற சூடும் ஈக்கிதானே, தங்கச்சி," என்றார் ஜிப்ரி, பல்லுக்குள் ஈர்க்குச்சியை ஆட்டிக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி உட்காருங்களே."

"தள்ளி உட்காந்தா மவுஸ் எட்டாதுங்க சேர்."

கலியாண வீடியோக்களை அவள் நாலு நிமிடத் துண்டுகளாக எடுத்து ஒட்டிச் சமாளித்தாள். தன் படத்தை அப்படி எடுத்தபோது, ஒட்டிய இடங்களிலெல்லாம் சத்தம் முந்தியது. தொரை வாயைத் திறக்குமுன் அட்டை பதில் சொன்னது. அதை யாருக்கு அனுப்புவது?

வெள்ளி காலை மெசின் மூன்றாவது தடவை அணைந்ததும் அவள் றுஸ்திக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"என்னக் குத்தம் சொல்லாதீங்க தங்கச்சி," என்றான் எடுத்த எடுப்பிலேயே. "நான் புரொசசர்ல சூடு கடத்துற பேஸ்ட் மட்டும்தான் பூசின. பொறகு என்னக் கிட்ட விடல்ல. பேண்ட்காரனுக்குப் பின்னுக்கு நிக்க வச்சாங்க. கூலர்ட அடியில ஒரு பிலிம் ஒட்டி வரும். அத உரிச்சுத்தான் வச்சாங்களா?"

துஷாந்தினி சுவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதமாக முதுகுக்குப் பின்னால் தொங்கிய படம். ஹாஜியார் கமராவுக்குக் காட்டும் கூலரின் அடியில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் சிவப்பு ஆங்கில எழுத்தில், பூட்டுமுன் உரிக்கவும் என்ற எச்சரிக்கை. படத்தைப் பெரிதாக்கியதில் அந்த எழுத்தும் விரல் நீளத்துக்குப் பெருத்திருந்தது. சூடு தண்ணீருக்குப் போக வேண்டிய வாசலை ஒரு பொலித்தீன் அடைத்திருக்க, ஒன்பது விசிறிகள் வெளியே நின்று ஊதிக்கொண்டிருக்கின்றன.

அவள் ஜிப்ரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கிட்டப் போய், எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த எழுத்து எல்லாருக்கும் வெளங்குதா?"

"கண்ணு உள்ளவங்களுக்கு வெளங்குங்க சேர். அஞ்சு நிமிசத்துல கழட்டி உரிச்சிரலாம்."

"கூலர்ல கை வைக்க வாணாம்! ஹாஜியார் பூட்டினது. அதக் கழட்டினா அவர்ட மூஞ்சிய கழட்டின மாதிரி. ஜும்ஆவுக்குப் பொறகு அவர் இங்க வாறார், தெரியுமா?"

"என் படம் நாலு மணிக்குப் போகணுங்க சேர். ஞாயித்துக்கிழமையெல்லாம் வந்தேனே."

"அடுத்த வருசமும் ஆள் எடுப்பாங்க தங்கச்சி. அல்லாஹ் பெரியவன்."

அவர் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டர் துண்டை எடுத்து, சுவர்ப் படத்தில் அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் ஒட்டினார். இப்போது ரவூப் ஹாஜியார் காயம்பட்ட ஏதோவொன்றைத் தூக்கிக் காட்டுவது போலிருந்தது. ஜிப்ரி திருப்தியோடு அத்தர் தடவிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். கீழே ஆலையும் நின்றது.

துஷாந்தினி ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

கண்ணாடியைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. மிளகாய்த் தூள், எண்ணெய்ப் பிசுக்கு, வெந்த தூசி. ரேடியேட்டர் இடுக்கில் ஒரு கரப்பானின் கால்கள் மட்டும். உடம்பை எந்த விசிறி கொண்டுபோனதோ. கூலரை நெம்பினாள். 'சளக்' என்று சளியிலிருந்து விடுபடுவது போலக் கழன்றது. தாளின் ஓரமெல்லாம் மஞ்சளித்துச் சுருண்டிருந்தது. ஒரு பக்கம் சாம்பல் நிறப் பேஸ்ட் மூக்குப்பீ போலக் காய்ந்திருந்தது; மறுபக்கம், செப்புத் தகட்டோடு ஒட்டியிருந்த பக்கத்தில், ஒரு சிவந்த வெற்றிலைப் பெருவிரல் ரேகை. தாளின் மூலை தூக்கியிருந்த இடத்தில் அதிதியின் கை நுழைந்திருக்க வேண்டும். அவள் அதை நகத்தால் உரித்து மேசையில் போட்டாள். தகட்டைத் துடைத்தாள். மேசை லாச்சியில் றுஸ்தி விட்டுப்போன மிச்சப் பேஸ்ட் இருந்தது, பொலித்தீனில்தான். பயறளவு வைத்து, கூலரைப் பூட்டி, படத்தை ஓட விட்டாள்.

ஒன்பது நிமிடம். பத்து. திரையைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு டிகிரி. அதற்கு மேல் ஏறவேயில்லை. விசிறிகளின் இரைச்சல் முணுமுணுப்பாக அடங்கியது.

முப்பத்தோராவது நிமிடத்தில் படியில் தும்மல் கேட்டது. முன்னால் ரவூப் ஹாஜியார், பின்னால் ஜிப்ரி. இருவர் மேலும் புரியாணி வாசம். ஹாஜியாரின் கன்னம் வெற்றிலையால் உப்பியிருந்தது.

"என்ன சத்தமே இல்ல?" என்றார் ஜிப்ரி. "ஓஃப் பண்ணிட்டீங்களா?"

"ஓடுதுங்க சேர். அம்பத்தெட்டு டிகிரிதான்."

"பாத்தீங்களா ஹாஜியார்! உங்கட கைராசி! மத்திய மாகாணத்திலயே இப்பிடி ஒரு மெசின் இல்ல." அப்போதுதான் மேசையிலிருந்த தாள் அவர் கண்ணில் பட்டது. குனிந்து அவள் காதில் சீறினார்: "கழட்டிட்டீங்களா? இப்பவே நிப்பாட்டி அதத் திருப்பி ஒட்டுங்க!"

"நிப்பாட்டலாங்க சேர். லைட்டும் எல்லாம் அணைஞ்சிரும். ஹாஜியார் முன்னுக்குப் பரவாயில்லையா?"

ஜிப்ரி வெளிச்சங்களைப் பார்த்தார். ஹாஜியாரைப் பார்த்தார். டிரெக்டராக இருந்த காலமெல்லாம் அவர் எடுத்த ஒரே உறுதியான முடிவை அப்போது எடுத்தார்.

"எரியட்டும்," என்றார்.

ஹாஜியார் மெசினை இரண்டு சுற்று வந்தார். வாய் நிறைய எச்சில் இருந்ததால் பாராட்டு "ம்ம்" என்றுதான் வந்தது. சுவரில் தன் படத்தைப் பார்த்தார். பிளாஸ்டரைப் பார்த்து, கேள்வியாக ஒரு "ம்ம்?" போட்டார்.

"பல்லி, ஹாஜியார்," என்றார் ஜிப்ரி. "பல்லி அசிங்கம் பண்ணிட்டு."

படம் முடிந்து இன்டர்நெட் வழியாகக் கொழும்புக்கு ஏறத் தொடங்கியது. கோடு ஊர்ந்தது. எண்பது. தொண்ணூறு. இரண்டு மணிக்கு, கிடைத்தது என்று கம்பெனியின் பதில் திரையில் வந்தது. துஷாந்தினி எழும்பினாள், கதிரை அவளை விட மனமில்லாமல் கிழிபடும் சத்தத்தோடு விட்டது.

ஹாஜியாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துப்ப இடம் தேடினார். ஜன்னலில் ஏசி. தரையில் புதுக் கார்ப்பெட், உறையோடு. கண்ணில் பட்டது மேசையிலிருந்த அந்தத் தாள். எடுத்து உள்ளங்கையில் விரித்து, மென்ற வெற்றிலையை ஒட்டுமொத்தமாக அதில் உமிழ்ந்தார். தன் விரல் ரேகைக்கு மேலேயே. எச்சில் ஓரத்தில் வழிய, அதை ஜிப்ரியிடம் நீட்டினார்.

ஜிப்ரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மெசின் சோக்கு," என்றார் ஹாஜியார், வாய் வெறுமையானதும். "நான் பூட்டினதெல்லாம் இப்பிடித்தான் ஓடும்."

"வரேங்க சேர்," என்றாள் துஷாந்தினி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "எல்கடுவ பஸ் போயிரும்."

"தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்க," என்றார் ஜிப்ரி. சிவந்த சாறு மணிக்கட்டு வழியாக வெள்ளைச் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "இதப் போட..."

அவள் மூலையிலிருந்த குப்பைத் தொட்டியைக் கண்ணால் காட்டிவிட்டுப் படியிறங்கினாள். புதுத் தொட்டி. அதன் பொலித்தீனை இன்னும் யாரும் உரிக்கவில்லை.