இளையவன் மென்ற கல்

கோக்-ஜார் குவாரியில் புதுத் தாடை கிரஷர் வந்து இறங்கிய கோடையில், பழைய கூம்பு கிரஷர் கல்லை உடைப்பதை நிறுத்திவிட்டு ஒட்ட ஆரம்பித்தது. கைப்பிடி அளவுக் கற்கள் பெல்ட்டில் ஏறி அதன் வாய்க்குள் போகும். கீழே ஜல்லியாகக் கொட்டுவதற்குப் பதில், ஆட்டுக்கிடா அளவில் ஒரே பாறை, ஒட்டிய தடம் தெரியாமல், இளஞ்சூட்டோடு வெளியே வரும். அந்தச் சின்ன இடுக்கில் அவ்வளவு பெரிய பாறை எப்படி வந்தது என்று முதல் நாள் சிலர் கேட்டார்கள். மறுநாள் முதல், பாறைகளை எங்கே அடுக்குவது என்றுதான் கேட்டார்கள். மேய்ச்சலுக்குப் போகிற வழியில் ஒருவர் வந்து, குதிரை கட்ட நன்றாக இருக்கும் என்று ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

குவாரியின் தலைமை மெக்கானிக் புருல்சா. நாரின் வட்டாரத்தில் அவள் பெயரைக் கேட்டாலே கெட்டுப்போன இயந்திரம் பாதி சரியாகிவிடும் என்பார்கள். மீதிப் பாதிக்குத்தான் தனக்கு ஸ்பேனர் தேவைப்படுகிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அடக்கம் அவளிடம் என்றுமே இருந்ததில்லை, அதற்கு அவசியமும் வந்ததில்லை. அவள் பொறுப்பில் இருந்தவை இரண்டு கிரஷர்கள். வெடிவைத்துப் பெயர்த்த பாறையைத் தாடை கடித்துத் துண்டாக்கும். அந்தத் துண்டுகளைக் கூம்பு அரைத்து ஜல்லியாக்கும். பழைய தாடை, சட்டம் விரிசல் விட்டு ஓய்ந்துவிட, சீன எல்லை தாண்டி லாரியில் புதியது வந்தது. அதன் பெயின்ட் வாசனையில் புருல்சாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் தலைக்குட்டையை அவிழ்த்து அதன் முகத்தைத் துடைத்தாள். கூம்பு சோவியத்துக் காலத்தது. அதைச் செய்த தொழிற்சாலை இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்பதே தெரியாது. அதை யாரும் துடைக்கவில்லை.

வேறொரு வருஷமாக இருந்தால் அவள் இதைச் சிரித்துக்கொண்டே சரிசெய்திருப்பாள். ஆனால் அந்த வருஷம் அவள் மகள் மீரிம், துஸ்-பெல் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஜாங்கி-புலாக்கில் பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பனி விழும் சமயத்தில் பிரசவம். கணவாய் ரோடு வெறும் மண். மழையில் சேறு, பனியில் கண்ணாடி. முந்தின வருஷம் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, சேற்றில் புதைந்த லாரியிலேயே பெற்று, அங்கேயே செத்துப்போனாள். முன்கூட்டியே இங்கே வந்துவிடச் சொல்லி புருல்சா போனில் கெஞ்சினாள். மகள் மசியவில்லை.

"அத்தை கால் ஒடிஞ்சு கிடக்காங்க, ஆட்டை யாரு பாக்குறது? நீதானேம்மா ரோடு போட்டுத் தர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? போடு, வர்றேன்."

சொன்னது உண்மைதான். கல்யாணத்திலும் சொன்னாள், கடைத்தெருவிலும் சொன்னாள். ஜல்லி விழாமல் ரோடு விழாது. வாய்ச்சவடால் விட்டவள் இப்போது வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

முதலில் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதோ என்று பார்த்தாள், ஒழுங்காகத்தான் சுற்றியது. எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தாள், உலோகத்தூள் இல்லை. பேரிங்கில் காது வைத்தாள். தூங்கும் குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டது. உள்ளே ஈயக்கட்டியைப் போட்டு, நசுங்கி வந்ததன் கனத்தை அளந்தாள்; இடைவெளி மயிரிழை பிசகவில்லை. ஈயத்தை ஒழுங்காக நசுக்கிய அதே வாய், அடுத்த நொடியே கல்லை ஒட்டித் துப்பியது. உள்தகடுகளை மாற்றினாள். பழையதை மறுபடி போட்டாள். கடைசியில் கூம்பை முழுசாகக் கழற்றித் தார்ப்பாயில் பரப்பி, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினாள். அன்றைக்கு வந்த பாறை முன்னதையெல்லாம்விடப் பெரியது.

தலைநகரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஒளிக்கற்றை வைத்து அளந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாகப் பராமரித்த இயந்திரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். புருல்சா ஆமாம் என்றாள். இருவரும் டீ குடித்தார்கள். பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றும் நடக்காததால் ஒரு கிடாய் வெட்டிப் பார்த்தார்கள். ரத்தத்தைக் கூம்பின் நெற்றியில் பூசி, எல்லோரும் கையேந்தி வேண்டிக்கொண்டார்கள். இறைச்சி அருமையாக இருந்தது. பாறை அப்படியே வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் வைத்தே மேனேஜர் குபாத் விஷயத்தைச் சொன்னான். வயதில் சின்னவன், கோட்டும் டையும் இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கூம்பை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. புதுசு அடுத்த வசந்தத்துல வந்துரும்."

"அடுத்த வசந்தத்துல என் மக வயித்துல இருக்குறது தவழும். இருந்தா."

மனம் எங்கோ இருக்க, பாதி தின்ற கறிக் கிண்ணத்தைப் பக்கத்தில் தள்ளி, "அண்ணே, நீங்க தின்னுங்க, எனக்குப் போதும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர் ஒரோஸாலி, குவாரியின் மூத்த மனிதர், புருல்சா பாவாடை கட்டாத காலத்திலேயே மண் அள்ளும் இயந்திரம் ஓட்டியவர். பந்தி அப்படியே உறைந்துபோனது. மூத்தவர் கிண்ணத்தில் மிஞ்சியது இளையவருக்கு வரம். இளையவர் மிச்சத்தை மூத்தவர் முன் வைக்க அந்த மலையில் குடிகாரனுக்குக்கூடக் கை வராது. ஒரோஸாலி கிண்ணத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

புருல்சா வெட்கத்தில் செத்தாள். அப்புறம், வெட்கப்பட்டுக்கொண்டே, எழுந்து நின்றாள்.

"அட பாவி, நான்!" என்று கத்தினாள். "அவரு வாயிலயும் இதைத்தானே வெச்சேன்!"

யார் வாயில் என்று குபாத் கேட்டான். அவள் கூம்பைக் காட்டினாள். பழைய தாடை கூம்பைவிட மூத்தது. அது கடித்துத் தந்ததைக் கூம்பு இத்தனை வருஷம் மரியாதையாக வாங்கித் தின்றது. புதுத் தாடை நேற்று வந்த பயல். அவன் மென்று துப்பியதை, அவன் அப்பன் வயசு ஆள் தின்ன வேண்டும் என்று பெல்ட் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தின்னாமல், மென்றதை மெல்லாததாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார் மனிதர். இதைவிடப் பண்பாக எப்படிச் சொல்ல முடியும்?

குபாத் யோசித்தான். "சரி அக்கா, அதுக்காகப் பெரியவரை முன்னாடி வைக்க முடியாதே. முழுப் பாறை அவர் வாயில நுழையாது."

"நுழைய வேணாம். முதல் வாய் அவருக்கு. அவ்வளவுதான்."

முதலில் அவள் ஒரோஸாலியின் வீட்டுக்குப் போனாள். புதுக் கிண்ணத்தில் புதுக் கறி, மேலே மூத்தவருக்கே உரிய ஆட்டுத் தலை. வாசலில் நின்று தலை குனிந்தாள். அவள் கழுத்துக்கு அது பழக்கமில்லாத வேலை.

"கோவமெல்லாம் இல்ல புள்ள," என்றார் அவர், ஆட்டுத் தலையை வாங்கிக்கொண்டு. "பசியோட எந்திரிச்சு வந்துட்டேன், அதான் மூஞ்சி அப்படி இருக்கு. உள்ள வா, இளையவங்க பங்கு காதுதானே, அறுத்துத் தர்றேன், நீ தின்னு."

மறுநாள் காலை, தாடையை ஓட்டுவதற்கு முன்பே, புருல்சா சம்மட்டி எடுத்துத் தன் கையால் பாறை உடைத்தாள். யாரும் மெல்லாத கல், யார் பெல்ட்டிலும் ஏறாத கல். ஒரு கூடை நிறைந்ததும் கூம்பின் முன் தலை குனிந்து, "பெரியவரே, தொடங்குங்க" என்று கொட்டினாள். கூம்பு கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது. மானம் உள்ளவர் உடனே கை நீட்ட மாட்டார். பிறகு ஒரு தடவை கனைத்தது. கீழே ஜல்லி கொட்டியது, சுத்தமாக, முனை முறியாமல். அதில் ஒரு கை அள்ளிப் புதுத் தாடையின் வாயில் போட்டு, "பெரியவர் மிச்சம்டா, தின்னு உருப்படு" என்றாள். அதன் பிறகே சுவிட்சைப் போட்டார்கள். தாடை மென்றதைக் கூம்பு மறுப்பில்லாமல் வாங்கி அரைத்தது. தான் தொடங்கிவைத்த பந்தியில், பயல் பரிமாறுவதை வாங்கிக்கொள்வதில் அதற்குக் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்க, தினமும் காலையில் முதல் கூடை பெரியவருக்குப் போன பிறகு, லாரிகள் கணவாய் ஏறின. உள்ளே போகும் கல்லைவிட வெளியே வரும் ஜல்லி அதிகமாக இருப்பதைப் பெல்ட்டில் இருந்த எடைக்கருவி காட்டியது. குபாத் கருவியைச் சோதித்தான், சரியாகவே இருந்தது. மனம் நிறைந்த பெரியவர் கிள்ளிக் கொடுக்க மாட்டார், அள்ளித்தான் கொடுப்பார் என்று டிரைவர்கள் சொன்னார்கள். குபாத் மேலிடத்துக்கு, உற்பத்தி திருப்திகரம் என்று மட்டும் தெரிவித்தான். ரோடு ஒரு வளைவு, இன்னொரு வளைவு என்று ஏறி துஸ்-பெல் உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கியது.

கடைசி லாரி ஜாங்கி-புலாக்கில் ஜல்லியைக் கொட்டிவிட்டுத் திரும்பிய பிறகு பனி விழுந்தது. மறுநாள் காலை புருல்சா சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கணவாயிலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று சறுக்காமல், தடுமாறாமல் இறங்கி வந்து குவாரி வாசலில் நின்றது. உள்ளேயிருந்து மீரிம் கத்துவது கேட்டது. வலியிலும் திட்டுவது அவள் வழக்கம்.

"அம்மா! வர்றியா, இல்ல அந்தக் கெழவனுக்கே சோறு போட்டுக்கிட்டு நிக்கிறியா?"

கூடை பாதிதான் நிறைந்திருந்தது. புருல்சா சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் குபாத் மட்டும், டீக் கோப்பையோடு. கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவன் கையில் சம்மட்டியைக் கொடுத்தாள்.

"தம்பி, பெரியவர் பசியோட இருக்காரு."

"அக்கா, எனக்கு... நான் மேனேஜரு..."

"அப்ப நீங்க போட்டா இன்னும் மரியாதை" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாரின் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். புருல்சா நடைவழியில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று ஓவென்று அழுதாள். மகளும் பேத்தியும் நன்றாகத் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் குவாரிக்குத் திரும்பினாள். இரண்டு கிரஷர்களும் ஓடிக்கொண்டிருந்தன. குபாத் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டு, மறுநாள் காலைக்கான கல்லை உடைத்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

"பெரியவர் சாப்பிட்டாச்சு அக்கா," என்றான் தலை நிமிராமல். "குழந்தை?"

"அவளும் குடிச்சிட்டா," என்றாள் புருல்சா. கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு தாடையின் பக்கம் போனாள்.