உதிர்ந்த இலைகளுக்குத் தங்க நிறம்

கொடைக்கானலில் ஐப்பசி பிறந்துவிட்டால் துணி காயாது. கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, சட்டையையும் சாக்ஸையும் பரப்பிவைப்பார்கள். ஆக்னல் ஒரு சுவரையே அப்படிக் காயவைக்கப் பார்த்தான்.

பள்ளிக்கூட வராந்தாச் சுவரில் அவன் மனைவி ஷைலா இரண்டு மரங்கள் வரைந்திருந்தாள். ஒன்று திராவிட மொழிகள், மற்றது இந்தோ-ஆரிய மொழிகள். "வேர் வேற வேறங்க. பக்கத்துல நின்னு நின்னு கிளை உரசிக்கிருச்சு," என்பாள். ஆறு செம்மொழிகளுக்குத் தங்க இலை. பாலியும் பிராகிருதமும் அடியில் உதிர்ந்து கிடக்கும் சருகுகள்.

அங்கே அவள் தமிழாசிரியை, அவன் கணக்கு வாத்தியார். மார்ச்சில் காய்ச்சலோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. அக்டோபரில் மராத்தி, வங்காளம், அசாமியம், பாலி, பிராகிருதம் ஐந்தையும் மத்திய அரசு செம்மொழிகளாக அறிவித்தது.

"மரம் பழசாயிருச்சு சார்," என்றார் தலைமையாசிரியை சிஸ்டர் அருள்மேரி. "நாளன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன். வெள்ளையடிச்சிட்டு சார்ட் ஒட்டிருவோம்."

"நானே திருத்திர்றேன் சிஸ்டர்."

"ஈரச் சுவருங்க. பெயிண்ட் நிக்குமா?"

"காயவச்சிர்றேன்."

"நாளைக்குள்ள காயலன்னா வெள்ளைதான்."

அன்று சாயங்காலம் சரித்திர வாத்தியார் ஒலியுல்லா ஏணி பிடித்தார்.

"உருதுக்கு ஏன் தங்கம் இல்லன்னு புள்ளைக எங்கிட்டதான் சார் கேக்குதுக. எங்க வீட்ல தமிழ்தான்டா, ஒருத்தருக்கும் உருது வராதுன்னா நம்பவே மாட்டேங்குதுக."

ஆக்னல் மேலே புதிதாக மூன்று தங்க இலைகளை வரைந்து முடித்து, கீழே இறங்கிச் சருகுகளின் மேல் தங்கம் பூசினான்.

"பேச ஆளில்லாம செத்துப்போனதுக்கு இப்ப என்னத்துக்கு அந்தஸ்து?" என்ற ஒலியுல்லா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆக்னல் தூரிகையை மறுபடியும் தங்கத்தில் தோய்த்தான்.

மறுநாள் வெள்ளனே வீட்டிலிருந்து கரியடுப்பைக் கொண்டுவந்து சுவரடியில் வைத்தான். அவளுடைய ஈரப் புடவைகளை உலர்த்திய அடுப்பு. சுவர் முதலில் வேர்த்தது. காய்கிறது என்று நினைத்து இன்னும் கரி போட்டான். அப்புறம் பூச்சு உப்பியது. மதியத்துக்குள் சருகு, வேர், அடிமரம், கிளை எல்லாம் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தன. இரண்டு மரங்களும் ஒரே குவியல். அடுப்பின் சூடு எட்டாத உச்சியில் மராத்தியும் வங்காளமும் அசாமியமும் மட்டும் நின்றன. அவன் வரைந்தவை.

"விடுங்க சார்," என்றார் சிஸ்டர். "பெயிண்டரை வரச்சொல்றேன்."

"ஒரு துண்டாவது எடுத்து வச்சுக்கங்க," என்றார் ஒலியுல்லா.

ஆக்னல் குனிந்து, தங்கம் ஒட்டிய ஒரு சில்லை எடுத்தான். எந்த மொழியின் இலை என்று தெரியவில்லை. விரல் பட்டதும் பொடிந்தது. கையைத் தட்டிவிட்டு விளக்குமாற்றை எடுத்தான்.