மூன்றாம் பிரிவில் ஒரு இளம்பெண்

சுகாதார நிலையத்தில் ஊர் மக்களை உடல்நலத் தேவைப்படி பிரித்தபோது, அடிக்கடி விழுந்து எலும்பை முறித்துக்கொள்பவர்கள் மூன்றாம் பிரிவுக்குப் போனார்கள். வீடு தேடிச் சென்று குளியலறையில் கைப்பிடி பொருத்துவதுதான் திட்டம். நர்ஸின் பட்டியலில் எல்லோருக்கும் எழுபது வயதுக்கு மேல். ஒருத்திக்கு மட்டும் இருபத்தொன்பது. ஒரே வருடத்தில் நான்கு எலும்பு முறிவுகள்.

கதவைத் திறந்தவன் அவள் கணவன். "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு சிஸ்டர். இவளுக்குக் கண்ணு பிடரியில இருக்கு."

நர்ஸ் குளியலறைக்குள் போய்க் காலால் தேய்த்துப் பார்த்தாள். சொரசொரப்பான சிமென்ட் தரை. எண்ணெய் ஊற்றினாலும் வழுக்காது.

"தங்கச்சி, என்னோட வேன்ல வர்றியா?" என்றாள், மாவுக்கட்டுக் கையோடு குளியலறை வாசலில் நின்ற மனைவியிடம்.

கணவன் பாய்ந்தான். நர்ஸின் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"கைப்பிடி மாட்ட வந்தவ குடும்பத்தைப் பிரிக்கிறியா?" அவன் விரல்கள் அவள் கழுத்தை நெரித்தன.

இரும்பு வாளி அவன் காதோரத்தில் இறங்கியது. அவன் முழங்கால் மடங்கியது. மறுபடி இறங்கியபோது பல் ஒன்று தெறித்தது. எழ முயன்றவன் குப்புற விழுந்தான்.

வாளியை நல்ல கையில் பிடித்தபடி மனைவி மூச்சு வாங்கினாள். "அக்கா, எழுந்திருங்க. வெளியில தாழ்ப்பாள் போடணும்."

போட்டார்கள். உள்ளே அவன் முனக ஆரம்பித்தான். வேனில் ஏறும்போதும் அவள் கையில் வாளி இருந்தது. நர்ஸ் அதைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.