இரண்டு கடையில் வாங்கிய மெஷின்

நஞ்சப்பன் ஒரே பேச்சில் சொல்லிவிட்டான். வண்டியில் போல்ட் கழற்றுகிற பேட்டரி மெஷின் ஏறினால் வேலைக்கு வருவான். இல்லையென்றால் காரிமங்கலத்தில் வேறு ஆட்களோடு சேர்ந்துகொள்வான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. போர்வெல் குழியிலிருந்து மோட்டார் தூக்குகிற வேலையில் ஒவ்வொரு பைப் மேலே வரும்போதும் கிளாம்பு போல்ட்டைக் கழற்ற வேண்டும், மறுபடி இறுக்க வேண்டும். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து அவன் மணிக்கட்டு வீங்கிப்போய்க் கிடந்தது. சோறு பிசையும்போதுகூட முகத்தைச் சுளிக்கிறான்.

அவன் போய்விட்டால் தீர்த்தகிரியின் குட்டியானை வண்டி கொட்டகையில் நிற்க வேண்டியதுதான். இது ஒற்றை ஆள் வேலையில்லை. ஒருத்தர் பைப்பை மேலே இழுக்கிற வின்ச்சில் நிற்க வேண்டும், இன்னொருத்தர் குழி வாயில் குனிய வேண்டும். இந்த வயசில் புது ஆளைப் பிடித்துப் பழக்கத் தீர்த்தகிரிக்குத் தெம்பில்லை. புது ஆளை நம்பவும் மாட்டார். நஞ்சப்பன் அவருக்குச் சகலை, கூடப் பிறந்த அக்கா தங்கச்சியைக் கட்டியவர்கள் இருவரும். அவனையே முழுசாக நம்பினாரா என்றால் அதுவும் இல்லை.

கடைக்குத் தானும் வருகிறேன் என்று நஞ்சப்பன் சொன்னான். வேண்டாம் என்று தருமபுரிக்குத் தனியாகப் போனார். தக்காளி நாற்று வாங்கினால்கூட அவர் குடும்பத்தில் இரண்டு பண்ணையில்தான் வாங்குவார்கள். ஒருத்தன் ஏமாற்றினாலும் பாதி வயல் தப்பிக்கும். அந்தக் கணக்கிலேயே போல்ட் கழற்றும் மெஷினை ஒரு கடையிலும், துருப்பிடித்த பைப்பை வெட்டும் மெஷினை வேறு கம்பெனியில் வேறு கடையிலும் வாங்கினார். இரண்டு கடைக்காரர்களும் என்னென்னவோ சொன்னார்கள். விற்கிறவன் வாய் சும்மா இருக்காது என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் மெஷினுக்கு ஒரு பேட்டரி, இரண்டாவதற்கு இரண்டு. ஆக மூன்று இருக்கிறது, ஒரு நாளைக்குத் தாராளம் என்று வந்துவிட்டார்.

இரண்டு நாள் வண்டியோடு மல்லுக்கட்டினார். பலகை அடித்து அறை அறையாகப் பிரித்தார். குலுங்காமல் இருக்கப் பழைய டியூபை வெட்டி உள்ளே ஒட்டினார். கிளாம்புகளுக்குக் கொக்கி, சங்கிலிக்கு ஒரு பெட்டி, மெஷின்களுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி. தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஆனாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மொரப்பூர் பக்கம் பெரியம்மாள் என்பவளின் காட்டில் வேலை. மோட்டார் எரிந்துபோய் அவள் சாமந்தி வாடிக்கொண்டிருந்தது. மெஷினை வைத்து அழுத்தினால் போல்ட் சர்ரென்று கழன்றது. நஞ்சப்பன் முகத்தில் வெகு நாளைக்கப்புறம் சிரிப்பைப் பார்த்தார் தீர்த்தகிரி. சரி, இனி இவன் போகமாட்டான் என்று மூச்சு விட்டார்.

பாதிப் பைப் வெளியே வந்தபோது மெஷின் முனகி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்து வெட்டும் மெஷினின் பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். நஞ்சப்பன் செருகிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், வாங்கி இவரும் அமுக்கிப் பார்த்தார். வேறு கம்பெனி பேட்டரி, உள்ளே போகவில்லை. சார்ஜ் போடலாம் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரியம்மாள் கேட்டாள். "பேட்டரிலயுமாப்பா அந்த சாதி, இந்த சாதி?"

யாரும் சிரிக்கவில்லை. மோட்டார் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் ஸ்பேனரை எடுக்கப் போனான். தீர்த்தகிரி அதைப் பிடுங்கிக்கொண்டு அவனை வின்ச்சுக்குப் போகச் சொன்னார். மிச்சப் பைப் அத்தனைக்கும் அவரே குனிந்தார், அவரே திருகினார். மோட்டார் மேலே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவரால் கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. வண்டியை நஞ்சப்பன்தான் ஓட்டினான்.

கொஞ்ச தூரம் வந்த பிறகு அவன் கேட்டான். "ஏண்ணா, கடைக்கு என்னைய ஏன் கூட்டிட்டுப் போவுல?"

பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். "கடைக்காரன்கிட்ட நீ கமிஷன் வாங்கிடுவியோன்னு நெனச்சேன்" என்றார்.

நஞ்சப்பன் வண்டியை ஓரம் கட்டினான். லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தன வருசமா குழிக்குள்ள கைய வுட்டுக்கினு குனிஞ்சிருக்கறன். வின்ச்சுல நிக்கறது நீங்க. நீங்க கைய வுட்டா என் கை போயிரும். நான் ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்திருக்கறனாங்க?"

தீர்த்தகிரி மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார்.

"நாளைக்கு நான் வரணும்னா, மெஷின் நான்தான் பாத்து எடுப்பேன். நீங்க கடைக்குள்ள வரக்கூடாது. முடியுமா, முடியாதா?"

"சரி."

"வாயில சரிம்பீங்க. அப்பறம் பின்னாலயே வந்து நிப்பீங்க."

"வரமாட்டன்டா. நடக்கவே முடியல, வண்டிய எடு."

மறுநாள் காலை தருமபுரியில் கடைக்கு எதிரே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நஞ்சப்பன் உள்ளே போய் வெகு நேரம் ஆயிற்று. வெட்டும் மெஷினை எடுத்துப் போயிருந்தான், அதே கம்பெனியில் போல்ட் மெஷின் பார்க்க. முதலில் வாங்கியதை எவனும் திருப்பி எடுக்கமாட்டான், அது வீட்டில் கிடக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. இறங்கிப் போகலாமா என்று இரண்டு தடவை வண்டிக் கதவில் கை வைத்தார். இரண்டு தடவையும் தோள் இழுத்துப் பிடித்தது. அப்படியே சாய்ந்துகொண்டார்.

நஞ்சப்பன் வந்து புது மெஷின் பெட்டியை அவர் மடியில் வைத்தான். தீர்த்தகிரி விலை கேட்கவில்லை. புது மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றி வெட்டும் மெஷினில் போட்டார். போனது. அதிலிருந்ததை எடுத்து இதில் போட்டார். அதுவும் போனது.

"இன்னொரு வாட்டி வேணாலும் போட்டுப் பாருங்க" என்றான் நஞ்சப்பன்.

அவர் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். நஞ்சப்பன் பெருமூச்சு விட்டு, பெரியம்மாள் வாங்கி வைத்திருந்த புது மோட்டாரைக் குழியில் இறக்க மொரப்பூர் ரோட்டில் வண்டியைத் திருப்பினான்.